போயிட்டு வாரேன்

செண்பகவல்லியின் கணவன் சங்கரபாண்டி வானத்துக்கும் வீட்டு மொட்டைமாடிக்கும் இடையே போவதும் வருவதுமாக இருந்தான். தப்பு அவனுடையதுதான். சூரியக் காற்று பலமாக வீசிய ஒரு காலையில், காற்று தன்னைத் தூக்குவது தெரிந்தும், கடைக்குக் கிளம்புகிறவன் மாதிரி "போயிட்டு வாரேன் வல்லி" என்று சொல்லித் தொலைத்தான். சொன்ன சொல் தவறாத மனுஷன். போனான், வந்தான், மறுபடியும் போனான்.

பூமியின் காந்தக் கோடு ஒன்று அந்த மாடியில் கிளம்பி, வெகு உயரம் போய் வளைந்து, தெற்கே ஒரு கடலில் இறங்குகிறது. அதைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ பேர் பம்பரமாய்ச் சுற்றியபடி போய்வருகிறார்கள். முனையை நெருங்க நெருங்கக் காந்தம் இறுகும். சுற்றுகிறவர்களை இறங்கவிடாமல் திருப்பி அனுப்பிவிடும். சங்கரபாண்டியோ மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றியே வளர்ந்தவன், சுற்று அவன் உடம்போடு ஊறியது. துணிக்கொடிக்குச் சற்று மேலே, கை எட்டாத இடம்வரை வந்து திரும்பிவிடுவான். செண்பகவல்லி கொடிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பாள். அவன் சட்டையில் ஒரு பித்தான் அறுந்திருந்தது. அதைக்கூட அவளால் தைத்துக் கொடுக்க முடியவில்லை.

"சுத்தைக் கழட்டணும், அவ்வளவுதான்" என்றாள் பக்கத்து வீட்டுக் கோமதி. அவள் மாமனார் அப்படித்தான் இறங்கினார். "அவுக வர்ற வழியில எதுக்க ஒரு சத்தம் போகணும்ளா. அது அவுக சுத்துக்குச் சரியா இருந்தா, சுத்தைச் சத்தத்துக்குக் கொடுத்துட்டு அவுக இறங்கிருவாக. சத்தம் பெருத்து அது பாட்டுக்குப் போயிரும்."

செண்பகவல்லி தாலாட்டுப் பாடிப் பார்த்தாள். அழுதும் பார்த்தாள். எதுவும் சேரவில்லை. பிறகுதான் கிரைண்டர் ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் அதன் மோட்டாருக்குக் கம்பி சுற்றியவன் அவன். அந்த இரைச்சல் தெருவில் யாருக்கும் பிடிக்காது. அவளுக்கு மட்டும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். விடியற்காலையில் அதை மாடிக்குத் தூக்கிப்போய், மாவில்லாமல் ஓடவிட்டாள்.

முனகல் மேலே ஏறியது. நடுவழியில், காந்தம் தளர்ந்து எல்லோரும் நெருக்கியடிக்கிற இடத்தில், வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்த அவனுக்கு எதிர்ப்பட்டது. இரண்டும் ஒரே சுற்று. அவன் தன் சுற்றை அதற்குக் கொடுத்தான். பக்கத்தில் சுற்றியவர்களும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள். முனகல் பெருத்து, குரல் உயர்ந்து, குருவிக்கூட்டம் கத்துவதுபோல வானமெங்கும் கேட்டது. தெரு எழுந்து வாசல் தெளித்தது. சங்கரபாண்டி கொடியில் காய்ந்த சேலைமேல் மெல்ல வந்து விழுந்தான்.

"இளைச்சிட்டீகளே" என்று சொல்லி அழுதாள். அழுதுகொண்டே பித்தானைத் தைத்தாள்.

சாயங்காலம் கடைக்குக் கிளம்பும்போது அவன் வாயெடுத்தான். அவள் பாய்ந்து பொத்தினாள். போயிட்டு வாரேன் என்றால் பழைய கதைதான். போறேன் என்று எந்த வீட்டிலும் சொல்லக்கூடாது.

"வெறுமனே வாரேன்னு சொல்லுங்க."

"வாரேன்" என்றான்.

அதிலிருந்து வந்துகொண்டே இருக்கிறான். போவது கிடையாது. காலையில் ஒரு சங்கரபாண்டி வருகிறான், மத்தியானம் இன்னொரு சங்கரபாண்டி வருகிறான். முன்னால் வந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்து இடம் விடுகிறார்கள். வருகிற ஒவ்வொருவன் சட்டையிலும் ஒரு பித்தான் அறுந்திருக்கிறது. செண்பகவல்லி கூடுதலாக அரிசி ஊறப்போட்டுவிட்டு, ஊசியில் நூல் கோக்கிறாள்.