இருபத்திரண்டு நிமிடக் கம்பைல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் செய்த ஒரு கள்ளத்தனத்தில் பிறந்தது. முதல் வரியை மூன்று தடவை எழுதினேன். ‘இராஜபாளையத்தின் காலைப் பனியில்...’ (சீ, அங்கே ஏது பனி?) ‘அனுசியா ஒரு...’ (ஒரு என்ன? கட்டிய மனைவியை ஒரு வரியில் அடக்க எவனால் முடியும்?) மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்: அனுசியா கம்பைல் போட்டுவிட்டு எனக்கு ஃபோன் செய்தாள்.

2

அவளுக்கு இராஜபாளையத்தில், நூற்பு மில்களுக்கு சாஃப்ட்வேர் செய்யும் சின்ன ஆபீசில் வேலை. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டிலிருந்து கதை எழுதுகிறேன். எழுதிய புரோகிராமை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றுவதுதான் கம்பைல். அங்கே அதற்கு இருபத்திரண்டு நிமிடம், நாளைக்கு ஐந்தாறு தடவை. அத்தனை நேரமும் அவள் குரல் எனக்கு.

போன வாரம் கேஷ் ஒன்றை நிறுவினாள். மாறாத ஃபைலை மறுபடி கம்பைல் செய்யாமல், முன்பு செய்ததையே அது எடுத்துக் கொடுக்கும்.

“என்னங்க, ஒரு நிமிசத்துல முடியணும். நமக்கு மட்டும் அதே இருபத்திரண்டு. நான் தொட்டது ஒரு ஃபைலு, இது எல்லாமே மாறியிருக்குங்குது.”

“அப்படியா,” என்றேன்.

“எங்க தப்புன்னே தெரியல. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கணும். இன்னைக்கும் எட்டு மணி பஸ்தான் போல.”

‘அப்படியா’ என்றவன் சரியான அயோக்கியன். (கதாபாத்திரத்தைச் சொல்கிறேன். சரி, என்னைத்தான்.)

3

அந்த ஆபீசில் முன்பு நானும் இருந்தேன். ராகுகாலத்தில் தயாரான சாஃப்ட்வேரை ஏற்றவே மாட்டேன் என்று ஒரு மில்காரர் அடம்பிடித்தார். சாட்சிக்காக, கம்பைல் ஓடும் நேரத்தைப் பதிந்துவைக்க ஒரு வரி போட்டேன். போட்டது எல்லா ஃபைலும் சேர்த்துக்கொள்ளும் பொது ஃபைலில். ஒவ்வொரு தடவையும் நேரம் மாறும், கூடவே அதைச் சேர்த்த எல்லா ஃபைலும் மாறியதாகிவிடும். கேஷ் பாவம், என்ன செய்யும்?

சொன்னால் ஃபோன் நின்றுபோகும். சொல்லாவிட்டால் அவள் கசங்கிப்போய் வந்து, சோற்றுத் தட்டின் முன்னாலேயே தூங்கி விழுவாள்.

4

முடிவு அ: அவளே கண்டுபிடித்து என்னை ஏசுகிறாள். (நன்றாகவே ஏசுவாள்.)

முடிவு ஆ: நான் வாயைத் திறக்கவில்லை, அவள் நாளுக்கு நாள்... [இதை எழுத மனசு வரவில்லை.]

நேற்று கேட்டாள்: “என்ன, சத்தத்தையே காணோம்? கதை வருதா?”

“வருது. ஒருத்தன் பொண்டாட்டிகிட்ட ஒண்ணை மறைக்கான்.”

“மறைக்கிற அளவுக்கு அவனுக்குச் சாமர்த்தியம் இருக்கா? எழுதி அனுப்புங்க, கம்பைல் ஓடுறப்போ படிக்கேன்.”

5

என் கதைகளுக்கு முதல் வாசகி அவள்தான். ஆகவே, அனு, பொது ஃபைலில் நாற்பத்தொன்றாவது வரியைப் பார். அந்த நேரத்தை வேறு ஒரே ஒரு ஃபைலுக்கு மாற்றினால் போதும். ஆறு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பாய். உன் குரல் இல்லாத மத்தியானம் எனக்குப் பிடிக்காது, அதற்காகத்தான் மறைத்தேன்.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. இப்போது உன் கம்பைல் ஓடிக்கொண்டிருக்கும், இன்னும் பதினெட்டு நிமிடமாவது மிச்சமிருக்கும். வரியைத் திருத்து. இல்லை, முதலில் ஃபோன் போட்டு ஏசு.