ரேடியேட்டர் மூடியில் ஒரு நெல்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடக்காதவன் அந்தப் பக்கத்து ஆளே இல்லை. ஆனாலும் நேற்று அங்கே காத்திருந்த கால் மணி நேரத்தை நடராசன் இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டார். ஏசி ஓடிக்கொண்டிருந்த டீசல் ஜீப்பின் முன்பக்கத்திலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்த மகன் பிரபு கீழே குதித்தான். டிரைவர் ரெங்கசாமியும் இறங்கினார். "காலையில தண்ணி பாத்தியா, இல்லையா?" என்று பிரபுவிடமிருந்து ஒரு கேள்வி. பதிலுக்குக்கூடக் காத்திராமல் ஓர் அறை. பின்னால் நின்ற இரண்டு பஸ்களின் ஜன்னல் முழுக்கத் தலைகள்.

ரெங்கசாமிக்கு ஐம்பத்திரண்டு வயது. பிரபுவைச் சின்ன வயதில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர். அவர் கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பின்சீட்டிலிருந்த நடராசனை ஒரே ஒரு தடவை பார்த்தார். சாவியை பானட்டின் மேல் வைத்துவிட்டு, கேட்டுக்கு அடியில் குனிந்து நடந்து போய்விட்டார்.

நடராசன் வாய் திறக்கவில்லை. ஊர்க்கூட்டத்தில் மைக் இல்லாமலே முழங்குகிற வாய்தான். நேற்று மட்டும் அதில் கொழுக்கட்டை.

நடந்தது இதுதான். ஆனி மாதம் ஆற்றில் புதுத்தண்ணீர் வந்த அன்று, ஊரே வாய்க்கால் மதகில் கூடிப் பூவும் நெல்லும் தூவியது. நடராசன் ஒரு செம்பு மொண்டுகொண்டு கரையேறினார். பக்கத்தில் ஜீப்பின் பானட்டைத் திறந்து வைத்து ரெங்கசாமி துடைத்துக்கொண்டிருந்தார். மகன் வாங்கிக்கொடுத்த வண்டி, அதற்கும் முதல் தண்ணீர் காட்டினால் என்ன என்று நடராசனுக்குத் தோன்றிவிட்டது. "ஐயா, இதுக்குக் கடையில விக்கிற பச்சைக் கலர் கூலன்ட்தாங்க ஊத்தணும்" என்றார் ரெங்கசாமி. "காவேரிய விடவாடா ஒசத்தி?" என்று கேட்டுவிட்டு, தானே மூடியைத் திறந்து, செம்பைக் கவிழ்த்து, தானே மூடினார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்?

இன்று காலை ஜீப், வழக்கமாக அதைப் பார்க்கும் மெக்கானிக் அஹமது கபீர் பாயின் பட்டறையில் நின்றது. பாய் ரேடியேட்டரின் வாயில் மீட்டர் வைத்த கைப்பம்பைப் பொருத்திக்கொண்டே பிரபுவிடம் சொன்னார்.

"காத்தடிச்சு வைக்கிறேன், தம்பி. எங்கயாச்சும் ஒழுகுச்சுன்னா முள்ளு எறங்கும்."

முள் பதினைந்தில் நின்றது. நடராசன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கு, இறங்கு என்று மனசுக்குள் கெஞ்சினார். ஒரு ஹோஸ் ஓட்டையாக இருந்தால் போதும். தப்பு ரப்பரோடு போய்விடும், எந்த மனுஷன் தலையிலும் விழாது. சொந்த வண்டியில் ஓட்டை விழ வேண்டுமென்று சாமியை வேண்டிக்கொண்ட ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். பத்து நிமிஷம் ஆகியும் முள் அசையவில்லை.

"சிஸ்டத்துல ஒழுகல் இல்ல" என்ற பாய் மூடியைத் தனியாகப் பம்பில் மாட்டி அழுத்தினார். முள் ஏறவே இல்லை. மூடியைத் திருப்பி, ரப்பரை நகத்தால் நெம்பினார். உள்ளே ஊறி நசுங்கிய நெல் ஒன்று ஒட்டியிருந்தது.

"மூடி அழுத்தம் பிடிக்கல. அதான் பொங்கித் தண்ணியெல்லாம் வெளிய போயிருக்கு. ஆமா, ரேடியேட்டர்ல யாரு நெல்லு போட்டது?"

பிரபு மூடியை வாங்கிப் பார்த்தான். முகம் சிவந்தது. "வேணும்னே போட்டிருக்கான்பா அந்தாளு. நேரா ஸ்டேஷனுக்குப் போயி எழுதிக் குடுக்கப் போறேன்."

நேற்று அது கவனக்குறைவு, இன்று சதியாகிவிட்டது.

"நான்தான்டா ஊத்துனேன்" என்றார் நடராசன். "புதுத்தண்ணி வந்த அன்னைக்கு. வேணாம்னு ரெங்கசாமி சொன்னான். நான் கேக்கல."

பிரபு ஒரு நிமிஷம் விழித்தான். பிறகு சிரித்துவிட்டான். "என்னப்பா நீங்க! சரி விடுங்க, தெரியாமதானே செஞ்சீங்க. பாய், புது மூடி ஒண்ணு போட்டுருங்க."

அவ்வளவுதான். அதே நெல்லுக்கு ரெங்கசாமிக்கு அறை, இவருக்கு 'சரி விடுங்க.' மகன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நடராசனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

"நேத்து அடிச்சியே, அப்பவே எனக்குத் தெரியும்" என்றார். பிரபுவின் சிரிப்பு நின்றது. அவர் தன் போனை எடுத்து ரெங்கசாமியைக் கூப்பிட்டு, மகனும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஐயா!" அவர் பேசுவதற்குள் ரெங்கசாமியே அவசரமாக ஆரம்பித்துவிட்டார். "பாய்கிட்டச் சொல்லி அந்தப் பழைய மூடியத் தூக்கிப் போட்டுடச் சொல்லுங்கய்யா, தம்பி பாக்குறதுக்குள்ள. அன்னைக்குச் செம்புல நெல்லு மெதந்துச்சு. தம்பி கோவக்காரரு, உங்கள ஏதாச்சும் சொல்லிடப் போறாரு."

பிரபு கையிலிருந்த மூடியைப் பார்த்தான். நடராசன் போனருகே குனிந்தார்.

"தம்பி கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான், ரெங்கசாமி. தப்பு எங்க மேலதான். இப்பவே ரெண்டு பேரும் ஒன் வீட்டுக்கு வர்றோம்."

ரெங்கசாமியின் குரல் தணிந்து வந்தது.

"வேணாங்கய்யா. நான் அடி வாங்குனது வீட்டுல யாருக்கும் தெரியாது."