ஆர்விட் பார்த்த வெள்ளைக் கோடு

ஆர்விட் லிண்ட்குவிஸ்டுக்கு மலக்குடலில் புற்றுநோய். அதைக்கூட அவர் ஒருவாறு ஜீரணித்துவிட்டார். வயிற்றில் ஓட்டை போட்டு மலம் சேரும் பையை மாட்டிவிடுவார்களோ என்பதுதான் கிலி. பையைக் கட்டிக்கொண்டு உறைந்த ஏரியில் உட்கார்ந்து மீன் பிடிப்பதாவது! பை என்றால் அறுவையே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

போதாக்குறைக்கு, அவருடைய பனி உடுப்பை ஒரு வாரமாகக் காணோம். மனைவி மார்லிஸ்தான் சர்ச்சில் நடக்கும் பழைய துணி விற்பனைக்குக் கொடுத்திருப்பாள், இனி நான் ஏரிக்குப் போகப்போவதில்லை என்று முடிவே கட்டிவிட்டாள் என்று உள்ளுக்குள் புகைந்தார். வாய்விட்டுக் கேட்கவில்லை. அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசமான மினசோட்டாக்காரர்கள் தலைபோகிற விஷயத்தையும் அப்படி மென்று விழுங்குகிறவர்கள்தான்.

மருத்துவமனைக்கு மார்லிஸ் நர்ஸ்களுக்கென்று எலுமிச்சைக் கேக் சுட்டு எடுத்துவந்திருந்தாள். ஆர்விட் முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்தார். டாக்டர் பெட்ராக் விரல் தடிமனான குழாயைக் கையில் எடுத்தாள்.

"கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும்."

"ஜனவரியில ஏரி மேல உக்கார்றவன்கிட்ட ஜில்லுன்னு பயமுறுத்துறீங்களே டாக்டரம்மா!"

"அங்க உக்கார்ற இடத்துல யாரும் குழாய் விடமாட்டாங்கல்ல? பேசாம படு" என்றாள் மார்லிஸ்.

டாக்டர் சிரித்தபடி, "இது ஒலியை அனுப்பி எதிரொலியை வச்சுப் படம் போடும். கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்குன்னு தெரிஞ்சாத்தான் எப்படி அறுக்கறதுன்னு முடிவு பண்ணலாம்" என்றாள்.

"தெரியாதா என்ன! மீன் இருக்கிற இடத்தைக் காட்ட என்கிட்டயும் இதே மாதிரி கருவி ஒண்ணு இருக்கே."

டாக்டர் திரையைத் திருப்பினாள். வளையம் வளையமாக ஒரு படம். நடுவே தடித்த வெள்ளைக் கோடு ஒன்று சுற்றி வளைத்துப் பளிச்சென்று கிடந்தது. ஏரியில் அவருடைய கருவி காட்டும் கோடு எவ்வளவு பளிச்சோ, மீன் அவ்வளவு பெரிது. ஆர்விட்டின் முகம் வெளிறிப்போயிற்று.

"போச்சு மார்லிஸ். ஆளையே முழுங்குற சைஸ்ல கிடக்கு."

மார்லிஸ் அவர் காலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எதைச் சொல்றீங்க, இந்த வெள்ளையையா?" என்றாள் டாக்டர். "அது நல்லவன். குடல் சுவர்ல ஒரு அடுக்கு, எல்லாருக்கும் இருக்கும். கட்டி இதோ, இந்தக் கறுப்புத் திட்டு. அது வெள்ளையை அறுத்துட்டு உள்ள போயிருக்கான்னுதான் பாக்கணும்."

குழாயை மேலும் கீழுமாக மெல்ல நகர்த்திப் பார்த்தாள். கோடு எங்கும் அறுபடவில்லை. பக்கத்தில் நெறிகட்டியதாகவும் எதுவும் தென்படவில்லை.

"வயித்தை அறுக்காம உள்வழியாவே எடுத்துடலாம். எடுத்ததைச் சோதிச்சு உறுதி பண்ணிக்கணும். ஆனா நான் பாத்தவரைக்கும் பை தேவைப்படாது."

மார்லிஸ் மூக்கை உறிஞ்சினாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இப்படித்தான் டாக்டரம்மா. எது மீன், எது ஏரித் தரைன்னே இவனுக்குத் தெரியாது. அதான் நாங்க மீனைக் கடையில வாங்குறோம்."

கார் நிறுத்துமிடத்துக்கு வந்ததும் ஆர்விட்டுக்குத் தைரியம் பிறந்தது. "என் உடுப்பை யாருக்குத் தூக்கிக் குடுத்த?"

"டிக்கியைத் திற."

உடுப்பு அங்கே மடித்து வைக்கப்பட்டிருந்தது. வயிற்றுப் பக்கம் உள்ளே, மெத்தென்ற கம்பளித் துணியில் புதிதாக ஒரு பாக்கெட் தைக்கப்பட்டிருந்தது.

"பை வச்சா குளிர் படக்கூடாதுல்ல?" என்றாள் மார்லிஸ். "நீ அறுவை வேண்டாம்னு முரண்டு பிடிச்சா நான் விட்டுருவேனாக்கும்? பையோட உன்னை ஏரியில உக்காரவச்சிருப்பேன்."

ஆர்விட் அந்தப் பாக்கெட்டைத் தடவிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ள வெகுநேரம் பிடித்தது.

"இப்ப இதுல என்னத்தை வைக்கிறது?"

மார்லிஸ் மிச்சமிருந்த கேக்கை நீட்டினாள். அவர் அங்கேயே உடுப்பை மாட்டி, கேக்கை அந்தப் பாக்கெட்டுக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு காரில் ஏறினார்.