மணல் போடாத பீடங்கள்

அவளுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தவன் அவளுடைய கணவன்தான். கல்யாணமான முதல் வாரத்திலேயே கட்டிலை நான்கு தடவை இடம் மாற்றினால் வேறு என்ன பெயர் வைப்பான்? பிறகு அந்தக் கை அரிப்பையே அவள் பிழைப்பாக்கிக்கொண்டாள். அடுத்தவர் வீட்டுக்குள் போய், எது எங்கே இருந்தால் அழகு என்று சொல்லுகிற வேலை. பீடம்தான் அவளுடைய கைராசி. ஒரு மண்சட்டி தரையில் கிடந்தால் யாரும் காலில் இடறாமல் போனாலே பெரிது. அதையே இடுப்பளவு பீடத்தில் ஏற்றிவிட்டால், வருகிறவர் எல்லாரும் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பார்கள்.

அன்று காலை அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டு அலங்காரப் பத்திரிகையிலிருந்து பத்து மணிக்குப் புகைப்படக்காரர் வருகிறார், அதுவும் அவளுடைய சொந்த வீட்டைப் படம் பிடிக்க. எட்டு வருடமாக எத்தனையோ வீடுகளுக்கு உயிர் கொடுத்தும் அவள் பெயர் எங்கும் வந்ததில்லை. இந்தத் தடவை கோட்டைவிட்டால் அவர்கள் மறுபடி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

கூடத்தில் இருந்த செருப்பு அலமாரி, தையல் மெஷின், டெலிபோன் மேசை எல்லாவற்றையும் முந்தின நாளே மொட்டைமாடிக்கு ஏற்றியிருந்தாள். அந்த இடத்தில், மாமனாரின் அறை வாசலிலிருந்து பால்கனி வரை, தலைக்கொரு ஜாடியோடு ஐந்து வெள்ளைப் பீடங்கள். பார்த்தால் கருங்கல்லைச் செதுக்கி வெள்ளையடித்த மாதிரி இருக்கும். உண்மையில் பிளைவுட் பெட்டி, மேலே சுண்ணப் பூச்சு, உள்ளே வெறும் காற்று. இடம் முடிவானதும் பெட்டிக்குள் மணல் பையைப் போட வேண்டும், அப்போதுதான் அசையாமல் நிற்கும். இந்தத் தொழிலில் அதுதான் அரிச்சுவடி.

பம்பரத்துக்கு இடம் முடிவானால்தானே! இரண்டாவதை ஒரு சாண் முன்னே இழுத்தாள். வாசலில் போய் நின்று பார்த்தாள். பிடிக்கவில்லை. நான்காவதைச் சுவரோடு தள்ளினாள். அதுவும் பிடிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் மணலை எடுத்துப் போட்டு முதுகு விட்டுப்போனதால், ஐந்து பைகளையும் சமையலறை மூலையில் போட்டுவிட்டாள். கடைசியில் போட்டுக்கொள்ளலாம்.

"விட்டா என்னையும் ஒண்ணு மேல ஏத்திடுவே போல," என்றான் கணவன், வேலைக்குக் கிளம்பியபடி.

"நீங்க சுவர் கலருக்கு ஒத்து வரமாட்டீங்க. கிளம்புங்க."

"அப்பா எங்க? நேத்துலேர்ந்து வெளியவே காணோமே."

"ரூம்லதான் இருக்கார். டீ குடுத்துட்டேன்."

மாமனார் வெளியே வராதது அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது. முப்பது வருடம் ரயில் ஓட்டியவர். கூடத்தில் அவர் உட்கார்ந்துவிட்டால் எழுப்ப முடியாது.

புகைப்படக்காரர் அரைமணி முன்னதாகவே வந்து நின்றார். "வெளிச்சம் இப்ப அருமையா இருக்கு மேடம். உடனே ஆரம்பிச்சிடலாம்." வந்தவருக்கு வழி விட்டு, ஜாடியைத் துடைத்து, திரையை விலக்கி, அவள் தலைகால் புரியாமல் ஓடினாள். மணல் சுத்தமாக மறந்துபோனது.

அப்போது மாமனாரின் கதவு திறந்தது. தலை சீவி, தேய்த்த சட்டை போட்டிருந்தார். முதல் பீடத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"நீ ஒருத்திதாம்மா கவனிச்சிருக்கே."

"என்ன மாமா?"

"மூணு மாசமா இடது கால் சொன்ன பேச்சு கேக்கல. யார்கிட்டயும் சொல்லல. செருப்பு அலமாரி, மெஷினு, மேசைன்னு ஒண்ணொண்ணாப் பிடிச்சுத்தான் பால்கனிக்குப் போவேன். நேத்து எல்லாத்தையும் தூக்கினதும் ஒடிஞ்சு போயிட்டேன். இப்ப பார்த்தா, என் கைக்கு எட்டற மாதிரி வரிசையா நட்டு வெச்சிருக்கே. என் மகனுக்கே தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருக்கு."

அவர் இரண்டாவது பீடத்தை எட்டிப் பிடித்து உடம்பைச் சாய்த்தார். பீடம் சாய்ந்தது. ஜாடி விழுந்து நொறுங்கியது. பம்பரம் பாய்ந்து போய்த் தரையில் உட்கார்ந்து பீடத்தைக் கட்டிக்கொண்டாள்.

"மெதுவா வாங்க மாமா. என் தோளையும் பிடிச்சுக்கோங்க."

அவர் மூன்றாவதுக்கு நகர, அவள் முழங்காலிலேயே தவழ்ந்து முந்திப் போய் அதைக் கட்டிக்கொண்டாள். பிறகு நான்காவது. பிறகு ஐந்தாவது. மணல் பை செய்ய வேண்டிய வேலையை அவள் செய்துகொண்டிருந்தாள். அவர் பால்கனி நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

புகைப்படக்காரர் இதற்குள் ஏழெட்டுப் படம் தட்டியிருந்தார். முகம் பூரித்திருந்தது.

"மேடம், இதை ஏன் முதல்லயே சொல்லல? மாமனார் பிடிச்சு நடக்க மருமக வெச்ச பீடங்கள்! அட்டைப்படமே இதுதான். அப்படியே போட்டுடலாமா?"

அட்டைப்படம். எட்டு வருடம் காத்திருந்தது, ஒரு தலையாட்டலில் கிடைக்கும். மாமனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "போடுங்க, போடுங்க," என்றார். அந்தப் பெருமையைப் பார்த்ததும் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஜாடியின் சாய்மானம் வரை பார்த்தவள் அவர் காலைப் பார்க்கவில்லை.

"இல்ல சார். படத்துக்காக வெச்சதுதான். அவருக்குக் கால் முடியலன்னு எனக்கு இப்பதான் தெரியும். உள்ள மணல்கூட போடல."

புகைப்படக்காரர் கேமராவை இறக்கினார். "அப்ப சரி. உள்பக்கத்துல எங்கயாவது சின்னதா ஒண்ணு போடறேன்," என்று சொல்லி, கடமைக்கு இரண்டு படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மாமனார் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பீடங்களின் மேலே இருந்த ஜாடிகளையெல்லாம் எடுத்துவிட்டாள். மேலே இருந்த ஜாடிகளையெல்லாம் எடுத்துவிட்டாள். ஐந்து பைகளையும் இழுத்து வந்து ஒவ்வொரு பீடத்துக்குள்ளும் போட்டாள். அதற்குப் பிறகு எதையும் நகர்த்த அவளுக்குத் தோன்றவில்லை.

"மணல் போட்டுட்டேன் மாமா. இனிமே அசையாது. நம்பிப் பிடிக்கலாம்."

"சரிம்மா," என்றார் அவர்.

எழுந்தார். பால்கனிப் பக்கத்துப் பீடத்தை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். அதற்கப்புறம்தான் காலை எடுத்து வைத்தார். அடுத்த பீடத்திலும் அப்படியே செய்தார், அதற்கு அடுத்ததிலும்.