மேல்மாடி முயல்

சர்க்கரை நோய்ப் பிரிவில் கொடுத்த தாளை நிமாத் மசாலா அலமாரியில் விரித்து, அதன்மேல் சீரகப் புட்டியை வைத்திருந்தாள். அந்தத் தாளுக்கு அதைவிட நல்ல உபயோகம் கிடையாது. 'சிக்கனமான, ஆரோக்கியமான இரவு உணவு' என்று தலைப்பு. கீழே முதல் வரியே சால்மன் மீன், இரண்டாவது வரி பாதாம். எழுதின புண்ணியவதி கெய்ரோவின் இம்பாபா சந்தைப் பக்கம் ஒருநாளாவது கூடை தூக்கியவளாக இருக்க முடியாது. இப்போது வெங்காயம் விற்கிற விலைக்கு, அழுவதற்கு அதை நறுக்க வேண்டிய அவசியமே இல்லை.

நிமாத்தின் வழி வேறு. சந்தை கலைகிற நேரத்துக்குப் போவாள். தள்ளுவண்டிக்காரன் வீட்டுக்குத் திரும்பும் அவசரத்தில் இருப்பான். அடிபட்ட கத்தரிக்காயையும் வாடின காலிஃபிளவரையும் பாதி விலைக்குத் தள்ளிவிடுவான். அவனை ஏற இறங்கப் பார்த்து, "இதைக் கழுதைக்குப் போட்டா கழுதை உன்னை உதைக்கும்" என்று சொல்லி அதிலும் பாதி குறைப்பாள். மொச்சையை முளைகட்டி எலுமிச்சை பிழிந்து சூப் வைப்பாள். சிவப்புப் பருப்பில் கேரட்டையும் பூண்டையும் போட்டுக் கடைவாள். ரேஷன் ரொட்டியில் அவள் கணவன் ஹனஃபிக்கு அரை ரொட்டிதான். சோறு இரண்டரை மாதமாக வீட்டுக்குள் வரவில்லை.

இத்தனையும் ஹனஃபியின் கண்ணுக்காக. முப்பது வருடமாக வேன் ஓட்டுகிறவன். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, போன மாதம் நின்றுகொண்டிருந்த தர்பூசணி வண்டியில் கொண்டுபோய் மோதினான். சர்க்கரை இருநூறுக்குக் கீழே வந்தால்தான் கண்ணில் கை வைப்போம் என்று மருத்துவமனையில் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தேதிக்கு இன்னும் மூன்று வாரம். அதுவும் போனால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும், ஒரு வருடம் ஆகும். வேன் முதலாளி அதுவரை காத்திருக்கிற ரகமில்லை.

ஆனால் சர்க்கரை இறங்கவே இல்லை. போன வாரம் இருநூற்று அறுபது.

"காக்கா கொத்தற அளவுக்குத்தான் சாப்பிடறேன், பார்க்கற இல்ல?" என்றான் ஹனஃபி, மொச்சை சூப்பைக் கரண்டியால் கிளறிக்கொண்டே. "இது காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கறது. மனுஷன் சாப்பிடறதா?"

"மனுஷன் வந்தா வேற சமைக்கறேன். நீங்க இதைக் குடிங்க."

பாதி குடித்துவிட்டு எழுந்தான். "அக்கா வீட்டுக் குழாய் ஒழுகுதாம். பார்த்துட்டு வரேன்."

அந்தக் குழாய் இரண்டு மாதமாகத் தினமும் ஒழுகுகிறது. நைல் நதியே இதற்குள் ஒழுகித் தீர்ந்திருக்கும்.

ஹனஃபியின் அக்கா தௌலத்துக்கு அதே கட்டடத்தில் மேல்மாடி. கணவன் குவைத்தில். அதைத் தௌலத் மறந்தாலும் மறப்பாள், பிறர் மறக்க விடமாட்டாள். கட்டடத்தின் நடுவிலுள்ள காற்றுக்குழியைச் சுற்றித்தான் எல்லா வீட்டுச் சமையலறை ஜன்னல்களும். அதன் வழியாகத் தௌலத்தின் மூச்சு வாரம் மூன்று தடவை கீழே வந்து விழும். மொலோகியா கீரையைப் பொடியாகக் கொத்தி இறைச்சிச் சாற்றில் வேகவைத்து, பூண்டும் கொத்தமல்லி விதையும் பொரித்துக் கொட்டுகிற அந்த நொடியில், சமைக்கிறவள் "ஹா" என்று மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் கீரைக்கு ருசி ஏறாது என்பது அந்த ஊர்ப் பெண்களின் தீர்மானம். வெறும் தண்ணீருக்கு மூச்சை வீணாக்குகிறவள் கிடையாது. மூச்சு கேட்டால் உள்ளே கோழியோ முயலோ இருக்கிறது என்று அர்த்தம்.

தௌலத் இழுக்கிற மூச்சு திருட்டைக் கண்டவள் போடுகிற கூச்சல் மாதிரி இருக்கும். பிறகு ஜன்னலில் தலையை நீட்டி, "முயல் நல்லா வெந்திருக்கு" என்பாள் பொதுவாக, வானத்துக்கு. "சில வீட்டுல மாட்டுக்கு வைக்கறதைப் புருஷனுக்கு வைக்கறாங்க."

நிமாத் பல்லைக் கடித்துக்கொள்வாள். முயல் அவனைக் கெடுக்காது என்று அவளுக்குத் தெரியும். முயலோடு வருகிற சோற்று மலைதான் கெடுக்கும். ஆனால் அவள் மட்டும் கீழே தலைகீழாக நின்று சமைப்பதும், இந்த மகாராணி மேலே ஒரு தட்டில் அத்தனையையும் பாழாக்குவதும் நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. தௌலத்தை அவள் வெறுத்தாள். அதில் அவளுக்கு ஒளிவுமறைவு இல்லை.

வியாழக்கிழமை அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். வெங்காயம், இரண்டு கேரட், ஒரு தக்காளி, நசுக்கின ஏலக்காய் நாலு, மிளகு ஆகியவற்றோடு, கோழிச்சாற்றில் போடுகிற மணப்பிசினில் இரண்டு மணியும் சேர்த்து ஒன்றரை மணிநேரம் கொதிக்க விட்டு வடிகட்டினாள். அதில் கீரையைப் போட்டாள். ஒரே கரண்டி எண்ணெயில் பூண்டைச் சிவக்க விட்டாள். ஜன்னலை நன்றாகத் திறந்து வைத்தாள். கொட்டும்போது இழுத்தாள் பாருங்கள் ஒரு மூச்சு, இரண்டாம் மாடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து அழுதது.

ஹனஃபி அன்று குழாயை மறந்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். ஐந்து நிமிடத்தில் கதவு தட்டப்பட்டது. தௌலத், கையில் ஒரு கிண்ணத்தோடு.

"என்ன அறுத்தே நிமாத்து? கோழியா, முயலா?"

"சாப்பிட்டுப் பாருங்க அண்ணி. உங்களுக்குத் தெரியாத முயலா."

தௌலத் உட்கார்ந்தாள். கண்ணை மூடி மூன்று கரண்டி குடித்தாள். "முயல்தான். கொழுத்த முயல். ஆனா என் கைப்பக்குவம் உனக்கு வரல, சொல்றேன்னு தப்பா நினைக்காதே." இன்னொரு தடவை ஊற்றிக்கொண்டாள். பிறகு இன்னொரு தடவை.

கிண்ணம் காலியாகும்வரை நிமாத் பொறுத்திருந்தாள். இந்த நேரத்துக்காக அவள் எவ்வளவு காத்திருந்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

"வெங்காயம், கேரட், ஏலக்காய்" என்றாள். "அவ்வளவுதான் அண்ணி. முயல் இந்தத் தெருப்பக்கமே வரல. வாரம் மூணு முயல் திங்கற வாய்க்கு வெங்காயத் தண்ணி எது, முயல் எதுன்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். தௌலத் ரொட்டித் துண்டால் கிண்ணத்தின் அடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை.

"விடு நிமாத்" என்றான் ஹனஃபி.

"எதை விட?"

"மச்சான்கிட்டேருந்து ஏழு மாசமா ஒண்ணும் வரல. அங்கேயே இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிட்டாராம்."

"உன் வாயில மண்ணைப் போட" என்றாள் தௌலத், தலையை நிமிர்த்தாமல்.

"அப்ப மேல நீங்க என்னத்தைத் தின்னீங்க?" நிமாத் கணவன் பக்கம் திரும்பினாள்.

"மக்ரோனி. அதுல ஒரு மசாலாக் கட்டி. அப்புறம் டீ." கொஞ்சம் தயங்கி, "சர்க்கரை போட்டு" என்றான். "தனியா உட்கார்ந்து சாப்பிட மாட்டேங்கறா. நான் ஒரு தட்டு தின்னாத்தான் அவளும் ஒரு வாய் வெக்கறா. நான் என்ன செய்யட்டும்?"

நிமாத்துக்கு வந்த கோபத்தை எங்கே கொட்டுவதென்று தெரியவில்லை. இரண்டு மாதமாக அவள் முயல்மேல் பொறாமைப்பட்டது ஒரு மக்ரோனித் தட்டுக்காக. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இவ்வளவு பெரிய முட்டாள்களை ஒரே தாய் பெற்றிருக்கிறாளே என்று இருந்தது.

"அக்கா மானத்தைக் காப்பாத்தக் கண்ணை வித்தாராம்" என்றாள். "நல்ல வியாபாரம். நீங்க என்ன அண்ணி, கொதிதண்ணிக்கு மூச்சு இழுத்துட்டு, என் மொச்சையை மாட்டுத் தீவனம்னு சொல்லிட்டிருந்தீங்களா?"

"அக்கம்பக்கத்துல என்ன நினைப்பாங்க?"

"அக்கம்பக்கமா வந்து அவர் வேனை ஓட்டப்போகுது?" நிமாத் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "நாளைலேருந்து ஒரே அடுப்பு. மேல உங்க வீட்டுல இருக்கற மக்ரோனி, சர்க்கரை எல்லாம் இங்க வரணும்."

"நான் என்ன பிச்சைக்காரியா, உன் வீட்டுல வந்து திங்க?"

"சும்மா போட நான் என்ன சுல்தானா? கீரை ஆயணும், பருப்பு கடையணும். நீங்க வர்றது சமையல்காரியா, விருந்தாளியா இல்ல."

வந்தாள். மறுநாளிலிருந்து தினமும் வந்தாள், குறை சொல்லிக்கொண்டே. உப்பு போதாது, எலுமிச்சை அதிகம், இதையெல்லாம் பார்த்தால் செத்துப்போன அம்மா கல்லறையில் திரும்பிப் படுப்பாள். நிமாத்தும் சளைக்கவில்லை, அண்ணி நறுக்கிய கத்தரிக்காயைப் பார்த்தால் யாரோ கோபத்தில் கடித்துத் துப்பினது மாதிரி இருக்கிறது என்றாள். ஆனால் ஹனஃபியின் கை இரண்டாவது ரொட்டிக்குப் போனால், இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் அடி விழுந்தது. அதில் மட்டும் இருவருக்கும் ஒரு கருத்துவேற்றுமையும் இல்லை. சாமான் வாங்குகிற பணம் கூடவில்லை, வாய் ஒன்று கூடியது. பாத்திரத்தில் நிமாத் கொஞ்சம் தண்ணீர் சேர்த்தாள்.

மூன்றாவது தேதியில் சர்க்கரை நூற்று எண்பத்து நாலு. செவிலி எண்ணைச் சொன்னதும் ஹனஃபி ஏதோ தானே சாதித்ததுபோல மார்பை நிமிர்த்தினான். நிமாத் அவனைத் திட்டக்கூட மறந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வலது கண்ணின் கட்டைப் பிரித்த அன்று சாயங்காலம் பருப்பு சூப். மூவரும் தரையில் தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஹனஃபி விளக்கைப் பார்த்தான், சுவரில் இருந்த விரிசலைப் பார்த்தான், தன் கிண்ணத்திலிருந்த கேரட் துண்டுகளை விரலால் எண்ணிச் சிரித்தான். அக்காவின் கிண்ணத்தை எட்டிப் பார்த்தான். அதிலும் கெட்டியாகத்தான் இருந்தது. பிறகு நிமாத்தின் கிண்ணம். அதில் மஞ்சள் தண்ணீர்தான் இருந்தது, அடியில் கிண்ணத்தின் பூவேலை தெரிந்தது.

அவன் கரண்டி நின்றுவிட்டது.

"நிமாத்... உன்னுதுல ஏன் ஒண்ணுமே இல்ல?"

"நான் வந்த நாள்லேருந்து இப்படித்தான் குடிக்கறா" என்றாள் தௌலத், தம்பியின் முகத்தைப் பார்க்காமல். "கேட்டா கடிக்க வரா."

ஹனஃபி தன் கிண்ணத்தை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினான். அவள் அதைத் திருப்பி அவனிடமே தள்ளினாள்.

"சாப்பிடுங்க" என்றாள். "ரோட்டைப் பார்க்கத்தான் கண்ணு வாங்கிக் கொடுத்தேன். என் கிண்ணத்தைப் பார்க்க இல்ல."