ஜகோத்தைக் குண்டு தொட்டதா?

கோமி அப்பாவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். அக்கா கோச்சே குழிக்குள் இறங்கிக் காலைப் பிடித்திருந்தாள். அந்தக் குழி, விமானச் சத்தம் கேட்டால் ஓர் ஆள் குந்தி உட்காருவதற்கென்று அளவெடுத்து வெட்டியது. குந்தியபடியே விறைத்துப்போன ஆளை வெளியே எடுப்பதற்கு யாரும் அளவெடுத்திருக்கவில்லை.

"மெதுவாடா, முழங்கை இடிக்குது."

"அவருக்கு வலிக்காதுக்கா."

"எனக்கு வலிக்குதுடா. இது என் முழங்கை."

ஒருவழியாக ஜகோத் வெளியே வந்தார். கயிற்றுக் கட்டிலில் கிடத்தினார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. வலதுகை ஆள்காட்டி விரல் மட்டும் பாதிவரை சேறாக இருந்தது. தோளில் விதைச் சுரைக்குடுக்கை தொங்கியது. கோச்சே அதைக் கவிழ்த்துப் பார்த்தாள். காலி.

"காலையில நான்தானே நிரப்பிக் குடுத்தேன். சோளம் எங்கடா?"

"கோழி தின்னிருக்கும்."

"கோழி குழிக்குள்ள இறங்கி, குடுக்கையைத் திறந்து தின்னுச்சா?"

கோமி தலைநகரில் கல்லூரி மூடும்வரை பொருளாதாரம் படித்தவன். இந்தக் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

முந்தின இரவுதான் அந்தப் பருவத்தின் முதல் மழை பெய்திருந்தது. மலையடியில் இருக்கும் தூரத்துக் காட்டில் விதைக்க வேண்டும் என்று விடிந்ததும் ஜகோத் கிளம்பினார். போகக்கூடாது என்று கோச்சே மறித்தாள். "விமானக்காரன் மேல போறான், நான் கீழ போறேன். ரெண்டு பேருக்கும் நடுவுல உனக்கு என்னடி?" என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தபோதே சத்தம் வந்துவிட்டது. திட்டிக்கொண்டே குழியில் இறங்கினார். குண்டுகள் ஓடைக்கு அப்பால் எங்கோ விழுந்தன. விமானம் போனது. எல்லாரும் வெளியே வந்தார்கள். ஜகோத் வரவில்லை.

யாரும் பதறவில்லை. கோபம் வந்தால் அவர் போய் உட்காரும் இடமும் அந்தக் குழிதான். கோச்சே களி கிண்டி, வெண்டைக்காய்க் குழம்பு ஊற்றி, குழி விளிம்பில் வைத்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டாள். மதியம் பார்த்தபோது அந்தக் களியைக் கோழிகள் நிதானமாகக் கொத்திக்கொண்டிருந்தன. ஒரு கை எழுந்து அவற்றை விரட்டவில்லை. அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

இப்போது ஒரு சிக்கல். அவர்கள் மலையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கல்லறைக் குழி உண்டு. வாய் பானை வாய் மாதிரி, ஓர் ஆளின் தோள் நுழையும் அளவுதான். உள்ளே குதிர் போல அகலம். கோமியின் அம்மா அதற்குள் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. "இடப்பக்கம் எனக்கு. உங்கம்மா தள்ளிப் படுக்கவே மாட்டா, நீங்கதான் கொஞ்சம் நகர்த்திவிடணும்" என்று ஜகோத் சொல்லி வைத்திருந்தார். ஆனால் ஈட்டியோ தோட்டாவோ குண்டோ, இரும்பால் செத்தவனை அங்கே வைக்க மாட்டார்கள். இரும்பு கூடவே உள்ளே வந்து மற்றவர்களையும் தூங்கவிடாது என்று பேச்சு. அப்படிச் செத்தவர்களுக்கு ஓடைக்கு அந்தப்பக்கம், தனித்தனியாக, தனியாக.

ஜகோத் எதனால் செத்தார் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர், கல்லறைகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியப்பா திராப். அவர் வந்து வேறு ஏதாவது சொல்வதற்குள் கல்லறையின் மூடுகல்லை நகர்த்தி வைத்துவிடு என்று கோச்சே சொன்னாள். கோமி நகர்த்தி வைத்தான். கட்டிலைக் கொண்டுவந்து பக்கத்தில் மரநிழலில் போட்டார்கள். அப்பாவின் மேல் வெள்ளைத் துணி.

திராப் துணியை விலக்கிப் பார்த்தார். புரட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லையே. நெஞ்சு நின்னுருக்கு. வயசாச்சு."

"அப்படிச் சொல்லாதீங்க பெரியவரே," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கேப்டன் ஹம்தான். மலையைக் காக்கும் படையின் ஆள். மேகமூட்டத்திலும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். "இவர் குண்டுவீச்சுல செத்தவர். ரேடியோவுல சொல்லணும். உலகம் கேக்கணும்."

"குண்டு எங்க விழுந்துச்சு, இவர் எங்க இருந்தார்?"

"குண்டுவீச்சுன்னா என்னன்னு நெனச்சீங்க? ஆளைக் கொல்றதா? அதுக்குத் துப்பாக்கி போதும். இந்த அரசாங்கத்து ஆளுங்க விமானத்துப் பின்கதவைத் தொறந்து குண்டை உருட்டி விடறானுங்க. குறியும் கெடையாது, மண்ணும் கெடையாது. ஆனா எப்போ வர்றான் பாருங்க. மழை பெஞ்ச மறுநாள் காலையில. நீங்க வெதைக்கக் கூடாது. வெதைக்கலன்னா பசி. பசிச்சா மலையை விட்டு எறங்குவீங்க. இதுக்குப் பேருதான் குண்டுவீச்சு. வெதைக்கப் போன மனுசன் குழிக்குள்ளயே செத்தார்னா குறி தப்பலைன்னு அர்த்தம்."

திராப் யோசித்தார். "அப்போ நாங்க எல்லாருமே குண்டு பட்டவங்கதானா?"

"ஒரு விதத்துல ஆமா."

"அப்போ ஒருத்தனையும் குடும்பக் குழியில வைக்க முடியாது. நான் எதுக்குய்யா இங்க இருக்கேன்?"

இருவர் சொன்னதும் கோமிக்குச் சரியாகவே பட்டது. கல்லூரியில் கற்றுக்கொண்ட கெட்ட பழக்கம். அப்பாவைக் கொன்றது குண்டு போட்டவர்கள்தான் என்று உரக்கச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அப்பாவை அம்மாவின் இடப்பக்கம் வைக்கவும் வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் கேட்க முடியும் போலிருந்தது. அவன் வாயைத் திறந்தான். என்ன சொல்ல இருந்தான் என்பது அவனுக்கே தெரியாமல் போனது. சத்தம் வந்துவிட்டது.

பக்கத்தில் இருந்தது ஒரே குழி. திராப் முதலில், கேப்டன் அவர் தலைமேல், கோமி கேப்டன் மேல். உள்ளே இருட்டு.

"காலை மடக்குய்யா," என்றார் திராப். "அது இவங்கம்மா."

"மன்னிக்கணும்மா," என்றார் கேப்டன் இருட்டைப் பார்த்து.

"அக்கா எங்க?" என்றான் கோமி. யாருக்கும் தெரியவில்லை. எழப் பார்த்தான். கேப்டன் இடுப்பைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். நிலம் குலுங்கியது. குழி வாய்வழியே மண் கொட்டியது. இரண்டாவது குண்டு, இன்னும் பக்கத்தில். அதற்குப் பின் சத்தம் தேய்ந்து தேய்ந்து போயிற்று.

கோமி தலையை நீட்டினான். கோச்சே அப்பாவின் கட்டிலுக்கு அடியிலிருந்து ஊர்ந்து வந்துகொண்டிருந்தாள். தலையெல்லாம் புழுதி.

"குழிக்குள்ள வராம அங்க என்னக்கா பண்ணே?"

"அவரைத் தனியா விட்டுட்டு எப்படிடா வர்றது?" அவள் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். "மேல டொப்புன்னு ஒரு சத்தம். அப்பா அசைஞ்சார்னு நெனச்சேன். 'என்னப்பா'ன்னு கேட்டேன்டா."

வெள்ளைத் துணி விலாப்பக்கம் கிழிந்திருந்தது. விலக்கினால், விலாவுக்குள் பதிந்து ஒரு இரும்புச் சில்லு.

கேப்டன் கண்ணாடியைக் கழற்றினார். "இப்போ என்ன சொல்றீங்க? தொட்டிருச்சு."

"செத்தவரைத்தானே தொட்டிருக்கு."

"இரும்பு உள்ள இருக்கே! உங்க வழக்கத்துல சாவா கணக்கு, இரும்பா கணக்கு?"

திராப் கட்டிலருகே குனிந்தார். காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ரத்தம் இல்லை. கோச்சே துணியின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். கோமி திராப்பின் முகத்தையும் கல்லறை வாயையும் மாறி மாறிப் பார்த்தான்.

திராப் இடுப்புக் கத்தியை எடுத்தார். மீனில் முள் எடுக்கிற மாதிரி மெல்ல நெம்பி, சில்லை வெளியே எடுத்தார். தன் வேட்டியில் துடைத்துக் கேப்டனின் உள்ளங்கையில் வைத்தார்.

"இதைக் கொண்டுபோய் ஓடைக்கு அந்தப்பக்கம் பொதைச்சிருங்க. தனியா. ஆளை இவங்கம்மாகிட்டக் குடுத்துடறோம்."

"ரேடியோவுல என்ன சொல்றது?"

"அது உங்க இஷ்டம். ரேடியோ என் பொறுப்புல இல்ல."

கேப்டன் சில்லைக் கைக்குட்டையில் மடித்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பையில் வைத்தார், பிறகு எடுத்துக் கையிலேயே பிடித்துக்கொண்டார். ஓடைப் பக்கம் நடந்தார். உண்மையிலேயே புதைத்தாரா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

கோச்சே துணியின் கிழிசலைத் தைத்தாள். முதலில் உள்ளே இறங்கி உடம்பை வாங்கிக்கொள்ள வேண்டியவன் மகன். கோமி இறங்கினான். அம்மாவை நகர்த்த வேண்டியிருக்கவில்லை. சற்றுமுன் மூன்று ஆண்கள் ஒருவர்மேல் ஒருவர் அடைந்து உட்கார்ந்ததில் இடப்பக்கத்து மண் நன்றாக அமுங்கி இடமாகியிருந்தது.

மூடுகல்லைப் போட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு ஆட்டை அடித்து, மரீசா என்னும் சோள மது காய்ச்சி, வந்தவர்களுக்கு ஊற்றினார்கள். ஜகோத் குண்டில் செத்தார் என்று பாதிப் பேரும், நெஞ்சு நின்று செத்தார் என்று மீதிப் பேரும் சொல்லிக்கொண்டே ஒரே குடத்தில் குடித்தார்கள். காலிக் குடுக்கை வீட்டில் அதே ஆணியில் தொங்கியது. கோச்சே அதைக் கடக்கும்போதெல்லாம் கோழிகளை ஒரு முறை முறைத்தாள்.

அடுத்த வாரம் இன்னொரு மழை. மறுநாள் காலையில் சத்தம். கோமி தன் குழிக்கு ஓடினான். அதற்குள் ஆடு இறங்கிவிட்டிருந்தது, ஆடுகளும் பழகிவிட்டன. அப்பாவின் குழிக்கு ஓடி விளிம்பைப் பிடித்து இறங்கப்போனவன் ஒரு காலை அந்தரத்தில் நிறுத்தினான்.

குழியின் அடியில் பச்சை, சோள முளைகள். ஒவ்வொரு முளையும் விரலால் குத்திய ஒரு துளையில். முதல் வரிசை, இரண்டாம் வரிசை. அடி நிறைந்ததும் சுவரிலும் கை எட்டும்வரை. மூலையில் கடைசி வரிசை பாதியோடு நின்றிருந்தது.

"உக்காருடா!" பக்கத்துக் குழியிலிருந்து கோச்சே கத்தினாள். "தலை தெரியுது, உக்காரு!"

விமானம் வட்டமடித்தது. அவன் இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, எங்கே கால் வைப்பது என்று தேடிக்கொண்டிருந்தான்.