கல்லில் ஆணி படாமல்

கால்கள் செயலிழந்த அண்ணனுக்காக வீட்டு வாசலில் சாய்வுப் பாதை கட்ட இரண்டு முறை அனுமதி கேட்டாள் தையல்காரி. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் குழு இரண்டு முறையும் கைவிரித்தது. "படிக்கல்லு நூறு வருஷத்துக்கு முந்தினதும்மா. அதுல கை வைக்க முடியாது," என்றார் தலைவர்.

அவள் விடுவதாக இல்லை. தச்சரைப் பிடித்து, கழற்றி மாட்டும் மரப்பாதை ஒன்று செய்தாள். மூன்றாம் கூட்டத்தன்று அதைக் குழுவின் அலுவலகப் படிகள் மேலேயே விரித்தாள். அண்ணன் சக்கர நாற்காலியோடு அதன் வழியே ஏறி, முதல் தடவையாக உள்ளே வந்தார்.

"கல்லுல ஒரு ஆணிகூட அடிக்கல சார், நீங்களே பாருங்க," என்றாள்.

தலைவர் வெளியே போய்க் குனிந்து பார்த்தார். திரும்பி வந்து, அவள் மனுவில் கையெழுத்துப் போட்டார்.

"இத்தனை நாளா உங்களை வீட்டுல இருந்தே திட்டிட்டிருந்தேன் சார்," என்றார் அண்ணன்.

தலைவர் சிரித்துவிட்டார். "தச்சர் நம்பரைக் குடுங்கம்மா. இங்கயும் ஒண்ணு வேணும்."